வீடு முழுக்க ஆறு சித்தப்பா

எங்கள் குடும்பத்திலேயே அதிகம் படித்தவளும் (என்னைச் சேர்க்காமல் சொல்கிறேன்), என் அண்ணன் பெற்ற ஒரே செல்வமுமாகிய அன்பு மகளுக்கு, உன் சித்தப்பா ஆசிகள் பல கூறி எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், உன் அப்பா நலத்துக்குப் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டார். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் நலமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் "சித்தப்பா, ஒரு நிமிஷம்" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது.

முதலில் தலையாய விஷயம். உன் ஊரில் உன் அப்பாவுக்காகப் பார்த்து வைத்திருக்கிறாயே ஒரு பராமரிப்பு இல்லம், அவர்களைக் கூப்பிட்டு இடம் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடு. மாதக் கடைசியில் நீ வருவது அப்பாவைப் பார்க்க மட்டும்தான், அழைத்துப்போக அல்ல. நீ அனுப்பிய ஆறு குட்டிக் கம்ப்யூட்டரும் இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட வைத்தவன் யார் என்பதை என் வாயால் சொல்வது அழகல்ல என்பதால் கையால் எழுதுகிறேன்: நான்தான்.

நீ பயந்தது நியாயம்தான், அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அச்சகத்தில் பிழை திருத்தியே வாழ்ந்த மனுஷர், பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்ப் படுத்திருக்கிறார். அடுத்த அறையில் உன் அம்மாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடுகிறது, அவர் கட்டிலைத் தட்டினாலும் அது அவள் காதுக்கு எட்டாது. நான் மாடியில், ரேடியோவோடு. தண்ணீருக்குக் கை நீட்டி அன்றைக்கு அவர் கட்டிலிலிருந்து விழுந்து தரையிலேயே கிடந்தாரே, அதற்குப் பிறகுதானே நீ இல்லத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய்? அப்போது நீ சொன்ன சொல் என் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது: "சித்தப்பா, நான் அனுப்பற போர்டு ஆறும் மாசக் கடைசிக்குள்ள வேலை செஞ்சா அப்பா அங்கயே இருக்கட்டும். இல்லன்னா நான் கூட்டிட்டு வந்துடுவேன்." கட்டில் பக்கத்தில் பெரிய பெரிய பட்டன்கள், இடது கையால் அமுக்கினால் போதும், அடுக்களையில் ஒன்று "தண்ணி" என்று பேசும், தையல் அறையில் ஒன்று "யாராவது வாங்க" என்று பேசும், மாடியில் என் தலைமாட்டில் ஒன்று "பாத்ரூம் போகணும்" என்று பேசும். திட்டம் உன்னுடையது. செய்து காட்டுகிறேன் என்று சொன்னவன் நான். சொன்ன சொல்லை நான் என்றைக்காவது விட்டிருக்கிறேனா? (உன் அம்மாவிடம் கேட்காதே.)

பார்சல் வந்த அன்று உன் அம்மா, "தம்பி, யாராவது தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டுக்கலாமே" என்றாள். யாரைப் பார்த்து இந்தப் பேச்சு? நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். எட்டும் எட்டும் பதினாறு, நீ படித்ததும் பதினாறு வருஷம், ஆகக் கணக்குப்படி நாம் இரண்டு பேரும் ஒரே படிப்பு. அதுபோக அத்தனை பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். அங்கே மேலே போன பெரிய மனுஷர்களில் நான் தூக்கிவிடாதவர் ஒருத்தர் உண்டா? பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைத் தகடு, ஓரத்தில் நாலைந்து ஓட்டை, அவ்வளவுதான். மூடியும் இல்லை, சட்டையும் இல்லை. பெட்டி மேல் "ஆர்ம்" என்று போட்டிருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆர்ம் என்றால் கை அல்லவா? கை வராமல் போனவர்களுக்கென்றே பிரத்தியேகமாகச் செய்த கம்ப்யூட்டர்! எதிர்வீட்டு வாத்தியாரிடம் இதை விளக்கியபோது அவர் வாயைப் பிளந்து கேட்டார். மறுநாள் காலையில் வந்து, "முட்டி வலிக்கு இந்த மாதிரி ஏதாவது வருதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நீ பிறகு போனில், அது உள்ளே இருக்கிற சிப்பின் வகைப் பெயர் என்றும் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னாய். சொல்லிவிட்டுப் போ. வாத்தியாரிடம் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

அடுத்தது, அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுக்கிற லினக்ஸை உள்ளே ஏற்றுகிற படலம். இமேஜ் என்று ஒரு ஃபைல் இருக்கும், அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி மெமரி கார்டில் எழுது என்று சொல்லியிருந்தாய். இறக்கினேன். பாட்டை எப்படிக் கார்டில் போடுவேனோ அப்படியே அந்த ஒரே ஒரு ஃபைலை இழுத்துக் கார்டுக்குள் போட்டேன், கார்டைத் தகட்டில் சொருகினேன், கரண்ட் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. உன் அம்மா, தகட்டோடு இணைத்திருந்த டிவி திரையைப் பார்த்துவிட்டு, "இருட்டு நல்லா தெளிவா தெரியுது தம்பி" என்றாள். அப்புறம்தான் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஃபைலைத் தூக்கிப் போட்டால் போதாதாம், அதற்கென்று ஒரு புரோகிராம் அதைப் பிரித்துக் கார்டு முழுக்கப் பரப்பி எழுத வேண்டுமாம். துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் சட்டை ஆகிவிடுமா, வெட்டித் தைக்க வேண்டாமா? இந்த உதாரணம் நான் சொன்னது. உன் அம்மா தான் சொன்னதாகச் சொல்லுவாள்.

சரி என்று முறைப்படி எழுதினேன். மறுபடியும் சிவப்பு விளக்கு, மறுபடியும் தெளிவான இருட்டு. என்ன காரணம் என்று நினைக்கிறாய்? இறக்குகிற இடத்தில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்றில் அறுபத்து நான்கு என்று போட்டிருந்தது, இன்னொன்றில் எண்பத்தாறு. அண்ணனுக்குச் செய்வதில் சிக்கனம் என்ன வேண்டிக் கிடக்கிறது, பெரியதையே போடுவோம் என்று எண்பத்தாறை எடுத்துவிட்டேன். இந்த எண்பத்தாறு மேசைக்கடியில் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர்களுக்கு உண்டானதாம். அறுபத்து நான்கு என்பதற்கு முன்னால் "ஆர்ம்" என்று இருந்ததாம், நான் நம்பரைப் பார்த்த கண்ணால் எழுத்தைப் பார்க்கவில்லை. யானைக்குத் தைத்த செருப்பைப் பூனைக்குப் போட்டால் பூனை நடக்குமா? நடக்காது. ஆனால் பூனை மேல் தப்பில்லை, செருப்பு மேலும் தப்பில்லை, இப்படி நம்பர் போட்டு மனுஷனை ஏமாற்றுகிறவன் மேல்தான் தப்பு.

ஆர்ம் அறுபத்து நான்கைப் போட்டேன். மகளே, பச்சை விளக்கு கண் சிமிட்டியது! திரையில் எழுத்துகள் அருவி மாதிரி இறங்கின. உன் அம்மாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மூலையில் ஒரு மின்னல் அடையாளம் வந்து, எல்லாம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி மின்னல், மறுபடி முதலிலிருந்து. மழைக்கு அறிகுறி என்று கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து உள்ளே போட்டேன். மழை வரவில்லை. செல்போன் கடைக்காரரைப் போய்ப் பார்த்தால், "எந்த சார்ஜர் போட்டீங்க?" என்றார். என் பழைய பட்டன் போன் சார்ஜர் என்றேன். "அண்ணாச்சி, அது கொசு குடிக்கிற அளவுக்குத்தான் கரண்ட் குடுக்கும். இதுக்குப் பசி ஜாஸ்தி. அந்த மின்னல் வந்தா, பசிக்குதுன்னு சொல்லுதுன்னு அர்த்தம்" என்று தடியான சார்ஜர் ஒன்றைக் கையில் கொடுத்தார். பார்த்தாயா, பேச்சு வராத பெட்டிகூடப் பசி வந்தால் அடையாளம் காட்டிவிடுகிறது.

சார்ஜரை மாற்றினேன், மின்னல் நின்றது. யூசர் பெயர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. தட்டுகிறேன், தட்டுகிறேன், ஒரு எழுத்து விழ வேண்டுமே! நட்சத்திரம் இல்லை, புள்ளி இல்லை, திரையில் சிமிட்டுகிற அந்தக் கோடுகூட நகரவில்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று அதைக் கவிழ்த்துத் தட்டினேன், உள்ளேயிருந்து பட்டன், நூல், உடைந்த ஊசி எல்லாம் கொட்டின (உன் அம்மாவின் அறையில் வைத்திருந்தது). துடைத்தேன், வெயிலில் காய வைத்தேன். வாத்தியார் வீட்டுக் கீபோர்டை வாங்கி வந்து மாட்டினேன், அதுவும் செத்திருந்தது. மறுபடியும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். "அது காட்டாதுங்க. லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிச்சா திரையில ஒண்ணும் தெரியாது. ஆனா நீங்க அடிச்சது அத்தனையும் உள்ள போய்க்கிட்டுத்தான் இருக்கும். அடிச்சு முடிச்சு என்டரைத் தட்டுங்க, கதவு தெறக்கும்" என்றார். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே எல்லாம் போய்க்கொண்டிருக்கிறதா?  "எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன் மகளே. கதவு திறக்கிறவரை தட்டுவது. இந்தப் பெட்டியையும் சரி, அந்தக் கட்டிலில் இருப்பவரையும் சரி.

கதவு திறந்தது. உன் புரோகிராமை ஏற்றினேன், பட்டன்களை மாட்டினேன், முதல் பெட்டி பேசியது. ஆனால் என்ன பேச்சு அது! "தண்ணீர்... தேவைப்... படுகிறது" என்று வெள்ள அபாய அறிவிப்பு மாதிரி ஒரு எந்திரக் குரல். இதைக் கேட்டு யார் தண்ணீர் கொண்டுவருவார்கள்? ஊரைக் காலி செய்துவிட்டு ஓடுவார்கள். ஆகவே அதை எடுத்துவிட்டு என் சொந்தக் குரலைப் பதிவு செய்து வைத்தேன். லிஃப்டில் ஒவ்வொரு மாடிக்கும் பெயர் சொல்லிப் பழுத்த குரல், கூட்டம் பிதுங்கும்போதும் கடைசி ஆள்வரை கேட்ட குரல். "தண்ணி" என்ற ஒரே சொல்லில் பாலைவனத்தையே கொண்டுவந்து நிறுத்தினேன். "கீழே விழுந்துட்டேன்" என்பதைச் சொன்னபோது எனக்கே கண் கலங்கி, உட்கார்ந்திருந்தவன் ஒரு தடவை கீழே பார்த்துக்கொண்டேன். அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். மெய்மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒன்றுக்குச் செய்ததை இன்னும் ஐந்துக்குத் தனித்தனியாகச் செய்ய எனக்கென்ன பைத்தியமா? கடைக்காரரிடம் சொல்லி அந்த முதல் கார்டை அப்படியே ஐந்து நகல் எடுத்துவிட்டேன். அச்சு அசல். ஆரம்பத்தில் அந்தப் பெட்டி தனக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தது. பாடுபட்டவன் பெயரைத்தானே பிள்ளைக்கு வைப்பார்கள், "சித்தப்பா" என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தேன். நகல் எடுத்ததில் அந்தப் பெயரும் சேர்ந்தே நகல் ஆகிவிட்டது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுக்களையில் ஒரு சித்தப்பா, தையல் அறையில் ஒரு சித்தப்பா, துணி துவைக்கிற இடத்தில் ஒன்று, மாடியில் ஒன்று, வாசலில் ஒன்று, கட்டிலோடு ஒன்று. அண்ணன் பட்டனை அமுக்கினால் கட்டில் பெட்டி "சித்தப்பா!" என்று கூப்பிடும், எந்தச் சித்தப்பாவுக்கு முதலில் காது கேட்கிறதோ அது பேசும். கல்யாண வீட்டில் நின்றுகொண்டு "மாமா!" என்று கத்திப் பார், அதே கதைதான்.

அன்றைக்கு நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். தண்ணீருக்கு அமுக்கினார், துணி துவைக்கிற இடத்தில் இருந்த பெட்டி "தண்ணி, தண்ணி" என்று அழுதது. அங்கே தண்ணீர்த் தொட்டி ததும்பிக்கொண்டிருந்தது. பாத்ரூமுக்கு அமுக்கினார். வாசலில் பார்சல்காரர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருக்கிறார், அவர் காதுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து என் குரல், "பாத்ரூம் போகணும், சீக்கிரம்!" என்று கெஞ்சியது. அவர் தங்கமான மனுஷர், "போய்ட்டு நிதானமா வாங்க சார், நான் நிக்கிறேன்" என்று சுவருக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். அது போகட்டும். தையல் அறையில் ஒரு அம்மாள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அலமாரி மேலிருந்து நான் "யாராவது வாங்க!" என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மாள் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு, "உள்ள யாரோ ஆம்பளை இருக்கான்!" என்று அலறியிருக்கிறார். உன் அம்மா அளவு நாடாவைக்கூடக் கீழே வைக்காமல், "பயப்படாதீங்க, அது ஆம்பளை இல்ல, என் கொழுந்தன்" என்று சொன்னாளாம். இந்த வாக்கியத்தைப் பற்றி நீ ஒரு நாள் அவளிடம் தனியாகப் பேச வேண்டும்.

மாலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "தம்பி, ஒரு சித்தப்பாவைச் சமாளிக்கவே எனக்கு இந்த ஆயுசு பத்தல. நீங்க ஆறு பேரைக் கொண்டுவந்து வச்சிருக்கீங்க." நான், "நாளைக்குச் சரியாயிடும் அண்ணி" என்றேன். "நாளைக்கு நாளைக்குன்னு அவர் நாக்கு காஞ்சு கெடக்கறார். என்னால ரெண்டு பக்கமும் ஓட முடியல. பாப்பா சொல்ற மாதிரி அனுப்பிடலாமான்னு இருக்கு." சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி கையில் இல்லை.

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. அடுக்களைப் பெட்டியை அணைந்து போகச் சொல்லிக் கட்டளை அடித்தேன். அடுக்களையில் அது ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது, மாடியில் இருந்தது அணைந்துவிட்டது! பொறி தட்டியது. எங்கள் கட்டடத்தில் ஒரே பெயரில் மூன்று கணக்கர்கள் இருந்தார்கள். வருகிறவர்கள் பெயரைச் சொன்னால் நான் என்ன கேட்பேன்? "எந்த மாடிங்க?" என்று கேட்பேன். பெயர் ஆளைக் காட்டாது மகளே, மாடிதான் காட்டும். உடனே ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சித்தப்பாவை அழித்து, அடுக்களை, தையல், துவைக்கல், மாடி, வாசல், கட்டில் என்று இருக்கிற இடத்தையே பெயராக வைத்தேன். பட்டன் எதைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதேபோல மாற்றினேன். நானே அமுக்கிப் பார்த்தேன், தண்ணி என்றால் அடுக்களை பேசியது. பாத்ரூம் என்றால் மாடி பேசியது. ஒரு தப்பு இல்லை. நீ படித்த படிப்பில் இதற்கு என்ன பெயரோ தெரியாது, என் படிப்பில் இதற்குப் பெயர் அனுபவம்.

ஆனால் அந்த ஒரு நாளோடு சரி, அண்ணன் மறுபடி அமுக்கவில்லை.

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் தயார், ஆறும் ஓடுகின்றன, பட்டனுக்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண் தூரம். காலி டம்ளரைப் பார்ப்பார், பட்டனைப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். கெஞ்சினேன். "அண்ணே, இத அமுக்குனாத்தான் நீங்க இங்க இருக்க முடியும், இல்லன்னா உங்க மக வந்து தூக்கிட்டுப் போயிடுவா" என்று மிரட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குரலில் உணர்ச்சி போதவில்லையோ என்று எல்லாவற்றையும் இன்னும் உருக்கமாகப் பதிவு செய்தேன். "வலிக்குது" என்பதைக் கேட்டு வாத்தியார் வீட்டிலிருந்து தைலம் கொண்டுவந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் அசையவில்லை. பெட்டிக்கு ஒரு இமேஜ் இருக்கிறது, இறக்கி ஏற்றிவிடலாம். இந்த மனுஷருக்கு எங்கே போய் இறக்குவது?

பிறகு ஒரு பகலில், நான் மாடியில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது வீடே அலறியது: "கீழே விழுந்துட்டேன்! கீழே விழுந்துட்டேன்!" அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் எல்லாப் பெட்டியும் சேர்ந்து பேசும்படி நீ வைத்திருந்தாய். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே, நான் இறங்கி ஓடுகிறேன். உன் அம்மா கத்திரிக்கோலோடு ஓடி வருகிறாள். போய்ப் பார்த்தால் உன் அப்பா தலையணையில் சாய்ந்து கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அமுக்கினார். "கீழே விழுந்துட்டேன்!" உடனே வாயைக் கோணிக்கொண்டு தொண்டையிலிருந்து ஒரு சத்தம். மறுபடி அமுக்கல், மறுபடி சத்தம், நெற்றியெல்லாம் வேர்வை.

"ஐயோ, ரெண்டாவது தடவை வாதம் அடிச்சிருச்சு! நான் போய் வண்டி கூட்டிட்டு வர்றேன்" என்று கதவுக்கு ஓடினேன்.

"நில்லுங்க தம்பி." உன் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க இன்னொரு தடவை அமுக்குங்க" என்றாள் அவரிடம்.

அமுக்கினார். பெட்டி பேசியது. அவர் நாக்கைப் பின்னுக்கு மடித்து, தாடை நடுங்க, அந்தச் சத்தத்தை மறுபடியும் கொடுத்தார்.

"தம்பி, நீங்க என்னன்னு பேசி வச்சிருக்கீங்க?"

"கீழே விழுந்துட்டேன்னுதான்."

"அப்படியா சொல்றீங்க? 'கீளே விளுந்துட்டேன்'னு இருக்கு. நல்லா கேளுங்க. அவருக்கு வலியும் இல்ல, வாதமும் இல்ல. அவர் உங்களைத் திருத்தறார்!"

கட்டிலிலிருந்து, ரொம்பத் தெளிவாக, "ழ்" என்று கேட்டது.

மகளே, முன்பு பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தாரே ஒரு அம்மா, அவர் "அ சொல்லுங்க, ஆ சொல்லுங்க" என்று எத்தனை தடவை கெஞ்சினார், வாயைத் திறந்தாரா? எல்லாரும் தரைத்தளத்தில் ஏறி ஒவ்வொரு மாடியாகப் போவார்கள். உன் அப்பா ஏறியதே மொட்டைமாடியில்! தமிழில் உள்ளதிலேயே நாக்கை முறிக்கிற எழுத்து எதுவோ அதிலிருந்து ஆரம்பிக்கிறார். உன் அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, கத்திரிக்கோலை வாங்கி ஓரமாக வைத்தேன். பட்டனைத் தொடாமல் ஏன் கிடந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அத்தனை வருஷம் புத்தகம் புத்தகமாகத் திருத்தியவருக்கு, இப்படி ஒரு வாயால் தண்ணீர் கேட்பதைவிடத் தாகமே மேல் என்று இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நான் வைத்திய நோக்கத்தோடு, வேண்டுமென்றேதான் "ள" போட்டேன் என்று இங்கே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

அன்று முதல் பாடம் நடக்கிறது. நான் கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து "விளு" என்பேன், அவர் தலையை ஆட்டி "ழ்" என்பார். நான் "விலு" என்பேன், கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். அவருக்கு நாக்குப் பயிற்சி, எனக்குத் தாடை வலி. "விடுங்கண்ணே, 'பொத்துன்னு போயிட்டேன்'னு வச்சுக்கலாம்" என்று பேரம் பேசிப் பார்த்தேன், முறைத்தார். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் ஒரு நாள், கீழே என்பதும் விழுந்துட்டேன் என்பதும் என் வாயில் என்னையும் அறியாமல் சரியாக வந்து விழுந்தன. அவர் கண்ணைத் திறந்தபடியே கேட்டு, ஒரே ஒரு தலையசைப்பு. அதைப் பதிவு செய்து, அந்தக் கார்டுகளில் ஏற்றி, ஆறையும் மறுபடி கிளப்பினேன். அன்று மத்தியானம் யாரும் சொல்லாமல் அவராகத் "தண்ணி" பட்டனை அமுக்கினார். அடுக்களை பேசியது. உன் அம்மா டம்ளரோடு வந்தாள். குடித்தார். இதைவிடப் பெரிய விழா இந்த வீட்டில் நடந்ததில்லை, உன் பெற்றோர் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே நான் சொல்வது இதுதான். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆறும் வேலை செய்கின்றன, நீ சொன்ன சொல்லை நீ காப்பாற்று. உன் அப்பா இந்த வீட்டை விட்டு எங்கும் வர மாட்டார். இது அவருடைய தீர்மானமான முடிவு. அவரைக் கேட்டாயா என்பாய். நான் கேட்க வேண்டியதில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்காகப் பதில் சொல்லிப் பழகியவன் நான், அவர் மனசு எனக்கு அத்துப்படி.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நான் நினைத்தது அதற்கு முன்னால் நடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என் அன்பைச் சொல், அவர்களுக்கு எதிலாவது சந்தேகம் இருந்தால் தயங்காமல் எனக்கு எழுதச் சொல். உன் அம்மாவின் முத்தங்களுடன், வீட்டில் எரிகிற ஆறு பச்சை விளக்குகளின் சார்பாக,

என்றும் உன் நலம் நாடும்,
சித்தப்பா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று பார்த்தால், இடது கையைச் சிவப்புப் பென்சிலுக்காக நீட்டினார். பக்கம் பக்கமாக ரத்தக்களறி. நீ படிப்பது நான் திருத்தங்களோடு மறுபடி எழுதிய சுத்தப் பிரதி, அதனால் பிழை எதுவும் கண்ணில் பட்டால் அது அவர் பொறுப்பு. "உன் அப்பா இந்த வீட்டை விட்டு எங்கும் வர மாட்டார்" என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. நான் இரண்டு தடவை சரிபார்த்த வரி அது, ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அவர் முழு வரியையும் அடித்தார் (நீ பார்க்க வேண்டும் என்று அந்த ஒரு வரியை மட்டும் பிரதியிலும் விட்டுவைத்திருக்கிறேன்). "ஏண்ணே, இதுல என்ன பிழை?" என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து, அந்த இல்லத்தைப் பற்றி நீ முதலில் அனுப்பிய தாளை உருவினார். அதை அங்கே அவர் எப்போது வைத்தார் என்று உன் அம்மாவுக்கே தெரியாது. "தினமும் பேச்சுப் பயிற்சி உண்டு" என்ற வரிமேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பட்டனைத் தொடவில்லை. வாயைத் திறந்தார். இப்போதைக்கு அவருக்கு எல்லா எழுத்தும் "ழ" ஆகத்தான் வருகிறது. "போழேன்" என்றார்.

உன் அம்மா பதறிப்போய், "வாய் தெறந்ததும் போறேன்னா சொல்லுவாங்க? யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? ஒழுங்கா சொல்லுங்க!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். ஒரு மூச்சு எடுத்தார், நாக்கை மடித்தார், வேர்த்தார்.  பிறகு சொன்னார்:

"போய்ட்டு... வழேன்."

ஆகவே மகளே, இல்லத்துக்காரர்களை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. சொல்லியிருந்தால் மறுபடி கூப்பிட்டு இடத்தைப் பிடி. மேலே உள்ள கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பின்குறிப்பை மட்டும் கடிதமாக வைத்துக்கொள்.